வலியே இல்லாதபோது புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஏன் போக வேண்டும்? குழுப் பெண்களுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: கோத்தகிரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் ஒரு ஹட்டியில் (மலைச் சிற்றூரில்) வசிக்கிறேன். எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநராக இருக்கிறேன். சொந்தமாகச் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்களும், பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்து கொழுந்து பறிக்கப் போகிறவர்களும் குழுவில் கலந்திருக்கிறார்கள். அடுத்த மாதம் எங்கள் துணை சுகாதார நிலையத்தில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகத்துக்கும் கருப்பை வாய்க்கும் புற்றுநோய்ப் பரிசோதனை நடக்க இருப்பதாகவும், வர விரும்புவோரின் பெயர்களை எழுதித் தரும்படியும் கிராம சுகாதார செவிலியர் கேட்டிருக்கிறார். கூட்டத்தில் விவரத்தைச் சொன்னேன். பெயர் கொடுத்தவர்கள் மிகச் சிலரே.

மறுத்தவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம் கூச்சம் அல்ல, கூலி போகும் என்பதும் அல்ல. "எனக்கு எங்கேயும் வலி இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன், பிறகு எதற்குப் போய்க் காட்ட வேண்டும்?" என்பதுதான். இதைச் சொன்னவர்களில் இருவரைப் பற்றி எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒருவருக்கு இடது மார்பின் மேற்புறம், அக்குளை ஒட்டி, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இருக்கிறது. கொழுந்துச் சாக்கின் கயிறு அந்த இடத்தில்தான் உராய்கிறது, அதனால் தடித்திருக்கிறது என்று அவர் நம்புகிறார். அமுக்கினாலும் வலிக்கவில்லையாம், வலிக்காததால் பயமில்லை என்கிறார். மற்றவருக்கு மாதவிலக்கு நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அவ்வப்போது துணியில் சிறிது உதிரம் படுகிறது. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்து வருகிறார்.

இவர்களிடம் நான் என்ன சொல்ல வேண்டும்? கருப்பை வாய்ப் பரிசோதனையில் உண்மையில் என்ன செய்வார்கள்? முடிவில் ஏதேனும் தென்பட்டால் உடனே கோயம்புத்தூருக்கு ஓட வேண்டியிருக்குமா? மார்பை எடுத்துவிடுவார்கள் என்ற பயமும் பலரிடம் இருக்கிறது. பயமுறுத்தாமலும் பொய்யான தைரியம் சொல்லாமலும் பேசும் அளவுக்கு எனக்கு விவரம் தெரிய வேண்டும். தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவேன்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், கொடைக்கானல் கீழ்மலை

அன்புச் சகோதரிக்கு வணக்கம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் பணியாற்றியவள் நான். காப்பித் தோட்டத்துப் பெண்களிடம் நானும் இதே பதிலைத்தான் கேட்டு வந்தேன்.

முதலில் ஒரு அவசரமான செய்தி. நீங்கள் குறிப்பிட்ட இருவரும் அடுத்த மாத முகாமுக்காகக் காத்திருக்கக் கூடாது. முகாம் என்பது ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கானது. கட்டி இருப்பவரும் மாதவிலக்கு நின்ற பின் உதிரம் படுபவரும் இந்த வாரமே கோத்தகிரி அரசு மருத்துவமனையிலோ வேறு எங்கேயோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்களே உடன் சென்றால் இன்னும் நல்லது.

வலியைப் பற்றிச் சொல்கிறேன். மார்பகத்தில் தோன்றும் புற்றுக் கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. மாதவிலக்குக்கு முன்னால் கனத்து வலிக்கும் மார்பு பெரும்பாலும் ஹார்மோன் மாற்றத்தால் வலிக்கிறதே தவிர, புற்றுநோயால் அல்ல. கருப்பை வாயிலும் அப்படித்தான். மாற்றம் தொடங்கி அது புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகளும் அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. இடுப்பு வலி, கால் வீக்கம், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் என்று உடல் சொல்லத் தொடங்கும்போது நோய் பெரும்பாலும் கருப்பை வாயைத் தாண்டியிருக்கும். ஆகவே "வலி இல்லை, எதற்குப் போக வேண்டும்" என்று கேட்பவரிடம், வலி இல்லாத இந்த ஆண்டுகளில்தான் இதை எளிதாகத் தீர்க்க முடியும் என்று சொல்லுங்கள்.

பரிசோதனை முறை இதுதான். மறைப்புக்குப் பின்னால், கால்களை மடக்கிப் படுக்க வைத்து, பெண் செவிலியரே பார்ப்பார். கருப்பை வாய் தெரியும்படி ஒரு கருவியை வைத்து, நீர்த்த அசிட்டிக் அமிலம் தோய்த்த பஞ்சை அங்கே தொட்டு வைப்பார். சமையலுக்குப் பயன்படும் வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறுதல் அடைந்த திசு வெண்மையாகத் தெரியும். லேசான எரிச்சல் இருக்கலாம். மயக்க ஊசியும் இல்லை, வெட்டுவதும் இல்லை. மாதவிலக்கு நாட்களில் செய்ய மாட்டார்கள்; பெயர் எழுதும்போதே தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த எளிய முறை உயிரைக் காக்கும் என்பதை உலகுக்குக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில்தான் நடந்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கி, 30 முதல் 59 வயது வரையிலான சுமார் 31,000 பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வெண்மை தென்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. முற்றாத மாற்றம் உள்ளவர்களுக்கு உறைகுளிர் சிகிச்சையால், அதாவது அந்த இடத்தை உறையவைத்து, சரிசெய்தார்கள். ஏழு ஆண்டுகளில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் மற்ற ஊர்களைவிடக் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் நேர்ந்த மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2007இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் மருத்துவர்களால் எடுத்துப் பேசப்படுகிறது. அதில் பங்கேற்றவர்கள் உங்கள் குழுவில் இருப்பவர்களைப் போன்ற கிராமத்துப் பெண்கள்தான் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். எனக்கு அதில் மிகுந்த பெருமை உண்டு.

பதில்: குன்னூரில் இருந்து ஒரு சகோதரி

நான் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து நலமாக இருப்பவள் என்பதால், மார்பை எடுத்துவிடுவார்களா என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

எனக்கு மார்பை எடுக்கவில்லை. கட்டியையும் அதைச் சுற்றிய சிறு பகுதியையும் மட்டும் அகற்றினார்கள்; அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளில் சிலவற்றை எடுத்துச் சோதித்தார்கள். பிறகு புற்றுநோய் மருந்தான கீமோ ஊசியும், அதன்பின் நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சும் தரப்பட்டன. கட்டி சிறியதாக இருந்ததால்தான் இது முடிந்தது என்று மருத்துவர் விளக்கினார். குளிக்கும்போது சோப்புக் கையில் தட்டுப்பட்ட கட்டி அது. எனக்கும் அதில் வலி கிடையாது.

உண்மையில் கடினமாக இருந்தவற்றையும் சொல்ல வேண்டும். மலையில் இருந்து தினமும் இறங்கி ஏறி கதிர்வீச்சு எடுத்துக்கொள்ள முடியாது. வார இறுதி தவிர எல்லா நாட்களும் சில வாரங்களுக்குத் தொடர்ந்து போக வேண்டும், ஆகவே கோயம்புத்தூரில் உறவினர் வீட்டில் தங்கினேன். முடி முழுவதும் கொட்டியது, பின்னர் வளர்ந்தது. கை வீங்கக் கூடாது என்பதற்காகச் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளை இன்றும் செய்கிறேன். ஊசி குத்திச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று என் அக்காவே தடுத்தார், அது உண்மையல்ல. அந்த ஊசிச் சோதனை இல்லாமல் எந்த வகை நோய், எந்த மருந்து என்று யாராலும் முடிவு செய்ய முடியாது.

என் கருத்து ஒன்று: பெண்கள் மாதம் ஒரு முறை தங்கள் கையால் தடவிப் பார்க்கக் கற்றுக்கொண்டால் மார்பகத்துக்கு அதுவே போதும். முகாமில் போய்க் காட்ட விருப்பமில்லாதவர்களுக்கு அதையாவது கற்றுக் கொடுங்கள்.

பதில்: மகளிர் நல மருத்துவர், மேட்டுப்பாளையம்

குன்னூர்ச் சகோதரியின் அனுபவம் பல பெண்களுக்குத் தைரியம் தரும். அவருக்குச் செய்யப்பட்டது தரம் குறைந்த சிகிச்சை அல்ல. கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சும் பெற்ற பெண்களையும் மார்பு முழுவதையும் எடுத்த பெண்களையும் இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் 2002இல் வெளியாயின. உயிர் வாழும் காலத்தில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. கட்டி பெரிதாகவோ பல இடங்களிலோ இருந்தால் மட்டுமே முழுவதும் எடுப்பது பெரும்பாலும் தேவையாகிறது.

அவருடைய கடைசிக் கருத்தோடு மட்டும் நான் மாறுபடுகிறேன். சீனாவின் ஷாங்காய் நகரில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சுய பரிசோதனை முறையைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்தார்கள். முறையாகக் கற்றுக்கொண்டவர்களுக்கும் கற்காதவர்களுக்கும் இடையே மார்பகப் புற்றுநோய் மரணத்தில் வேறுபாடு காணப்படவில்லை. தீங்கற்ற கட்டிகளுக்காகச் செய்யப்பட்ட சோதனைகள்தான் கூடின. ஆகவே 'சுய பரிசோதனையே போதும்' என்று சொல்லிப் பெண்களை முகாமில் இருந்து விலக்கிவிடக் கூடாது. மறுபுறம், மும்பையில் 1998இல் தொடங்கிச் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். நோய் முன்கூட்டியே கண்டறியப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. உங்கள் துணை சுகாதார நிலையத்தில் செய்யப்போவதும் அடிப்படையில் அதே கைப் பரிசோதனைதான்.

அதற்காகத் தன் உடலைத் தான் அறிந்திருப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. மாதவிலக்கு தொடங்கி ஏழு முதல் பத்து நாட்களுக்குள் மார்பு மென்மையாக இருக்கும். மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஏதேனும் ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம். உங்கள் மலையில் குளிருக்கு அஞ்சி அவசரமாகக் குளித்து ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தில் கண்ணாடி முன் நின்று பார்ப்பதே அரிது. கட்டி மட்டுமே அடையாளம் அல்ல. தோலில் குழி விழுதல், ஆரஞ்சுத் தோல் போலத் தடித்துப் புள்ளி புள்ளியாதல், காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்ளுதல், காம்பில் இருந்து இரத்தம் கலந்த நீர் வடிதல், ஆறாத புண், அக்குளில் கட்டி ஆகிய எதைக் கண்டாலும் வர வேண்டும். சாக்குக் கயிறு உராய்ந்து தோல் காய்ப்புப் பிடிக்கலாம். தோலுக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் தனிக் கட்டி அதனால் வருவதில்லை. இளம் வயதில் காணப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்பதும் உண்மை. ஆனால் அது எந்த வகை என்பதை விரல் நுனியால் முடிவு செய்ய முடியாது. மருத்துவரின் பரிசோதனை, வயதுக்கு ஏற்ப ஸ்கேன் அல்லது மம்மோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே, தேவையானால் ஊசிச் சோதனை என்ற மூன்றும் சேர்ந்துதான் பதில் தரும்.

மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்த பிறகு ஒரு துளி உதிரம் பட்டாலும் அது சூடு அல்ல. கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் வந்த பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இப்படி உதிரம் பட்டிருக்கிறது. அதே நேரத்தில், இவ்வாறு உதிரம் பட்டு வருகிறவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் காணப்படுகிறது. மற்றவர்களுக்குச் சவ்வு மெலிதல், சிறு சதை வளர்ச்சி போன்றவை இருக்கும். அந்தத் தாய்க்கு இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் பயந்து பதுங்குவார், அல்லது அலட்சியமாக இருந்துவிடுவார். உடல் பருமனும் சர்க்கரை நோயும் இருந்தால் இந்த நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. அவருக்கு முதலில் தேவை ஸ்கேனும் உட்சவ்வுத் திசுச் சோதனையும். வினிகர் முறை அவருடைய வயதில் அவ்வளவு உதவாது, ஏனெனில் பார்க்க வேண்டிய பகுதி மாதவிலக்கு நின்றவர்களுக்குக் கருப்பை வாயின் உள்ளே நகர்ந்துவிடுகிறது. கருப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பேப் ஸ்மியர் அல்லது கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமிக்கான சோதனை பொருத்தமானது.

சினைப்பைப் புற்றுநோயைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அதற்கு நம்பத்தகுந்த முன்பரிசோதனை இன்றுவரை இல்லை. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் பங்கேற்ற ஆய்வில், பாதிப் பேருக்கு இரத்தச் சோதனையோ ஸ்கேனோ ஆண்டுதோறும் செய்து பார்த்தும் மரணம் குறையவில்லை என்று 2021இல் அறிவித்தார்கள். ஆகவே வாரக்கணக்கில் விடாமல் வயிறு உப்புதல், சிறிது உண்டதும் நிறைந்துவிடுதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போதல் ஆகியவற்றை வாயு என்று ஓமம் குடித்துத் தள்ளிப்போடாமல் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். தாய், உடன்பிறந்தாள், சித்தி, அத்தை ஆகியோரில் யாருக்கேனும் மார்பகமோ சினைப்பையோ பாதிக்கப்பட்டிருந்தால் அதை முதல் வருகையிலேயே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பதில்: கூடலூர் வாசகர்

என் மனைவியின் சிகிச்சைக்காக அலைந்தவன் என்ற முறையில் ஒரு செய்தி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு ஆகியவை அடங்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நோய் தெரிந்த பிறகு வருமானச் சான்றுக்கும் அட்டைக்கும் ஓடுவது பெரும் வேதனை. குழுவில் உள்ள எல்லோருக்கும் அட்டை இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். பரிசோதனைக்குப் போகும் நாளின் கூலியைக் குழுச் சேமிப்பில் இருந்து ஈடுகட்ட முடியுமா என்றும் யோசியுங்கள். கொழுந்து அதிகம் வரும் மாதத்தில் ஒரு நாள் விடுவது அவர்களுக்குச் சிறிய விஷயம் அல்ல.

கோத்தகிரி வாசகி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கட்டி இருக்கும் அக்காவிடம் மருத்துவர் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன்; காய்ப்புக்கும் கட்டிக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டதும் தன் கையால் மறுபடி தொட்டுப் பார்த்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டார். மற்றவர் இன்னும் தயங்குகிறார். அவருடைய மகளிடம் பேசியிருக்கிறேன்.

கூட்டத்தில் புதிதாக இரண்டு கேள்விகள் வந்தன. கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் வர வேண்டுமா? பள்ளியில் படிக்கும் மகள்களுக்கு ஏதோ தடுப்பூசி இருப்பதாகச் சொல்கிறார்களே, அது நல்லதா?

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், கொடைக்கானல் கீழ்மலை

கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கும் மார்பகப் பரிசோதனை அவசியம். கருப்பை வாயைப் பொறுத்தவரை, அதையும் சேர்த்து எடுத்திருந்தால், எடுத்த காரணம் புற்றுநோயோ அதன் முன்மாற்றமோ இல்லை என்றால், அந்தப் பரிசோதனை தேவையில்லை. மேற்பகுதியை மட்டும் எடுத்து வாயை விட்டு வைத்திருந்தால் தேவை. டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்து வரச் சொல்லுங்கள். அது தொலைந்திருந்தாலும் கருப்பை வாய் இருக்கிறதா என்பதைச் செவிலியர் பார்த்த உடனே சொல்லிவிடுவார். சினைப்பைகளை விட்டு வைத்திருப்பது வழக்கம் என்பதால், மருத்துவர் சொன்ன வயிற்று அறிகுறிகள் அவர்களுக்கும் பொருந்தும்.

தடுப்பூசி நல்லது. கருப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே எச்.பி.வி. என்ற கிருமியால் வருகிறது. இதைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்திய உறவில் ஈடுபடும் பெரும்பாலோருக்கும் வாழ்வில் ஒரு முறையேனும் தொற்றும் கிருமி இது. ஓரிரு ஆண்டுகளில் உடலே அதைப் பெரும்பாலும் வென்றுவிடுகிறது. ஆகவே நோய் வந்த பெண்ணின் நடத்தையைப் பற்றி யாரேனும் பேசினால் அந்த இடத்திலேயே மறுத்துச் சொல்லுங்கள். இந்தப் பேச்சுக்குப் பயந்தே பரிசோதனைக்கு வராதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஊசியை 9 முதல் 14 வயதுக்குள், கிருமி தொற்றும் வாய்ப்பு வருவதற்கு முன் போடுவதே பலன் மிகுந்தது. இந்த வயதுச் சிறுமிகளுக்கு ஒன்றோ இரண்டோ தவணை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவாக் ஊசி 2023 முதல் இருக்கிறது. தமிழக அரசு 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் படிப்படியாகப் போட நிதி ஒதுக்கியது. உங்கள் பகுதிப் பள்ளிகளில் எப்போது போடுகிறார்கள் என்பதை அந்தக் கிராம சுகாதார செவிலியரிடமே கேளுங்கள். மகளுக்கு ஊசி போட்டாயிற்று என்பதால் தாய்க்குப் பரிசோதனை வேண்டாம் என்று ஆகிவிடாது. ஊசி போட்ட மகளும் 30 வயதானதும் பரிசோதனைக்கு வர வேண்டும், ஏனெனில் அந்த ஊசி எல்லா வகை எச்.பி.வி. கிருமியையும் தடுப்பதில்லை.